கண் எங்கே போய் நிற்கிறது? – வீட்டுத் தோட்டம் கேள்வி பதில்

போன இதழில் மாமரம் பற்றி எழுதும்போது, "தோட்டம் என்றால் கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் செடிக்கூட்டம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மாமரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதம் வந்திருக்கிறது. தோட்டம் அமைத்துக் கொடுப்பவர்கள் இதை ஃபோக்கல் பாயின்ட் என்பார்கள். நான் 'கண் நிற்கிற இடம்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், சொல்லவும் சுலபம்.

கே: புது வீடு கட்டி ஆறு மாதம் ஆகிறது. முன்னால் 15-க்கு 20 அடி இடம். கொரியன் புல் போட்டு, நடுவில் ஃபவுன்டன், ஒரு மூலையில் புத்தர், எதிர் மூலையில் சிமென்ட் கொக்கு ஜோடி, கேட் பக்கம் நரிவால் பனை இரண்டு, நடைபாதை ஓரம் கலர் கலராகக் குரோட்டன்ஸ். செலவு கொஞ்சநஞ்சமில்லை. வருகிறவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எங்கே தப்பு?
– வாசகர், ஓசூர்

ப: தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் தப்பில்லை சார். எல்லாமே கையைத் தூக்கிக்கொண்டு "என்னைப் பார்" என்கிறதுதான் பிரச்சினை. திருவிழாவில் எல்லாக் கடைக்காரரும் ஒரே நேரத்தில் மைக்கில் கூவினால் எந்தக் கடையில் என்ன விலை என்று நமக்கு ஒன்றும் காதில் விழாதே, அதுபோலத்தான். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களின் கண் ஃபவுன்டனுக்குப் போகிறது, அங்கே நிற்பதற்குள் குரோட்டன்ஸ் மஞ்சள் இழுக்கிறது, அங்கிருந்து கொக்கு, கொக்கிலிருந்து புத்தர், அப்புறம் அலுத்துப்போய் உங்கள் முகத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்கிறார்கள்.

இதைச் சரி செய்ய ஒரு பைசா செலவு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு, நீங்கள் தினமும் காபி குடிக்கிற இடத்தில், அது சிட்-அவுட்டோ ஹால் ஜன்னலோ, அங்கே போட்டு உட்காருங்கள். உட்காருவது முக்கியம். தோட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் நாம் எல்லாவற்றையும் வைக்கிறோம், ஆனால் உட்கார்ந்துதான் பார்க்கிறோம். அங்கிருந்து போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறமெல்லாம் போன பிறகு எது தனியாகத் தெரிகிறதோ அதுதான் இப்போது கண் நிற்கிற இடம். பல வீடுகளில் அது மோட்டார் சுவிட்ச் பெட்டியாகவோ ஏசியின் வெளி யூனிட்டாகவோ இருக்கும், சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் நாலு வருஷம் வெள்ளைக் கழிவுநீர்க் குழாய்தான் அப்படி நின்றது.

அப்புறம், நகர்த்த முடிந்த எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குத் தோட்டத்தைவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். வெறும் புல்லும் சுவரும் மிஞ்சட்டும். பிறகு ஒன்றே ஒன்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நானாக இருந்தால் புத்தரை வைத்துக்கொண்டு ஃபவுன்டனை விற்றுவிடுவேன். இதில் எனக்குச் சொந்தக் கடுப்பும் உண்டு, மறைக்கவில்லை. ஒரு காலத்தில் ஃபைபர் பாறையில் அருவி கொட்டுகிற மாதிரி ஐந்தடி உயரத்தில் ஒன்று வாங்கி வைத்தேன். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். மூன்று மாதத்தில் பாறை முழுக்க வெள்ளை படிந்தது, ஆறாவது மாதம் மோட்டார் இறுகி நின்றது, இப்போது அந்த அருவியில் கற்பூரவல்லி செழிப்பாக வளர்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது, தண்ணீரைச் சோதிக்காமல் வாங்கியது நான்தான்.

புத்தரை மூலையிலும் வைக்க வேண்டாம், நட்ட நடுவிலும் வேண்டாம். நாற்காலியிலிருந்து பார்க்கும்போது காட்சியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, சுவருக்கு இரண்டடி முன்னால் வையுங்கள். பின்னால் ஒரே பச்சையாக ஏதாவது வேண்டும். குரோட்டன்ஸை அவர் பின்னால் நட்டால் அவர் காணாமல் போய்விடுவார். அதை வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குக் கொண்டுபோனால் அங்கே அது ராஜா.

உயரமும் பாருங்கள். ஒன்றரை அடிச் சிலை 20 அடி புல்தரையில் யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பொம்மை மாதிரி இருக்கும். கல் பீடம் செய்யச் சொல்வதற்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்து, மேலே பக்கெட்டைக் கவிழ்த்து, பழைய போர்வையைப் போர்த்திவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து பாருங்கள். சின்னதாகத் தெரிந்தால் கீழே ஒரு செங்கல் வரிசை, இன்னொரு வரிசை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று யோசிக்காதீர்கள், சரியான உயரம் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

நரிவால் பனை பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த மரம் அது, முப்பதடிக்குப் போகும். அதன் அழகு முழுக்கத் தலையில். 15 அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இன்னும் சில வருஷத்தில் தெரியப்போவது இரண்டு விளக்குக் கம்பங்கள் மட்டும், தலையை எதிர்வீட்டு மாடிக்காரர்தான் ரசிப்பார்.

கொக்குகளை யாருக்காவது கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கே: அக்கா, எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே மாமியார் கட்டிய துளசி மாடம் இருக்கிறது. தோட்டத்தைப் புதுசாகச் செய்யலாம் என்று பார்த்தால் அது நடுவில் மறிக்கிறது. ஓரமாக நகர்த்தலாமா? அத்தையிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

ப: கேட்கவே கேட்காதீர்கள் தங்கை! வீட்டில் சண்டை வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் அத்தை செய்திருப்பதுதான் சரியான வேலை. வாசலுக்கு நேராக, கண்ணுக்கு இதமான உயரத்தில், சதுரமாக ஒரு மாடம். மேலே பச்சை, நடுவில் விளக்கு வைக்க மாடக்குழி. வாசலில் நிற்கிறவருக்குக் கண் நிற்க இதைவிட என்ன வேண்டும்? செட்டிநாட்டு வீடுகளில் தலைவாசலில் நின்றால் முற்றம் முற்றமாகத் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே கோட்டில் பார்வை ஓடும், பார்த்திருப்பீர்கள். நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறிக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். பொதுவாக மாடத்தைச் சுற்றி என்னென்ன சேரும் என்று எனக்குத் தெரியும்: இரண்டு ரோஜாத் தொட்டி, ஒரு மணி பிளான்ட், கோலமாவு டப்பா, தண்ணீர் மக்கு, காய்ந்த எண்ணெய்க் கறை. அதையெல்லாம் அகற்றுங்கள். மாடத்தைச் சுற்றி மூன்றடிக்கு ஒன்றுமே வேண்டாம், கோலம் போட வெறும் தரை. வெள்ளை அடித்துக் காவிப்பட்டை போடுங்கள். நிழலில் கூட வெள்ளை தனியாகத் தெரியும்.

ஆனால் மாடத்தில் இருக்கிற துளசி குச்சியாக நின்றால் இதெல்லாம் வீண். பெரும்பாலும் மாடத்தின் அடித்துளை வேரும் மண்ணும் சேர்ந்து அடைத்திருக்கும், தண்ணீர் தேங்கி வேர் அழுகும். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். மண்ணை மாற்றுவதாக இருந்தால் செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து போடுங்கள். பூங்கதிர் வந்தால் உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும், விதை முற்ற விட்டால் செடி கட்டை தட்டிக் கிழண்டுவிடும். இந்தக் கதிர் கிள்ளுகிற வேலையை அத்தையிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்களேன்.

கே: மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தக்காளி, கத்தரி, புடலைக்குப் பந்தல், 60 பைகள் இருக்கும். காய்க்குக் குறைவில்லை, ஆனால் மேலே போனால் உட்காரத் தோன்றவில்லை. ஏதாவது சிலை வைக்கலாமா? மாடியிலிருந்து மலைக்கோட்டை தெரியும்.
– வாசகர், திருச்சி

ப: கடைசி வரியை எழுதிவிட்டு எப்படி ஐயா சிலை கேட்கிறீர்கள்! 83 மீட்டர் உயரப் பாறை, உச்சியில் பிள்ளையார், சாயங்காலமானால் விளக்கு வேறு. எந்தக் கடையில் இதை வாங்க முடியும்?

ஜப்பானில் தோட்டத்துக்கு வெளியே தூரத்தில் இருக்கிற மலையைத் தோட்டத்தின் காட்சியாகவே சேர்த்துக்கொள்கிற பழக்கம் உண்டு, 'கடன் வாங்கிய காட்சி' என்றே அதற்குப் பெயர். கியோட்டோவில் என்ட்சூஜி என்ற கோவில் தோட்டத்தில் உட்கார்ந்தால் வேலிக்கு மேல் ஹியெய் மலை தெரியும், தோட்டமே அதற்காகத்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் இலங்கையில், பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கை இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1940களின் கடைசியில் வாங்கி, பல பத்தாண்டுகள் செதுக்கிக்கொண்டே இருந்த தோட்டம். வீட்டிலிருந்து ஏரியை மறைத்த மேட்டின் முதுகையே தாழ்த்திவிட்டார் மனிதர். பிறகு அந்த மேட்டில் ஒரு மகிழமரத்தடியில் பெரிய சீன ஜாடி ஒன்றை வைத்தார். வீட்டு வாசலில் நிற்கிறவர் கண் ஜாடிக்குப் போகும், ஜாடியிலிருந்து அப்படியே ஏரியைத் தாண்டித் தூரத்தில் தெரிகிற கோவிலின் வெள்ளைத் தூபிக்குப் போகும். ஒரு ஜாடி. அது இல்லாவிட்டால் தூபி எங்கோ அடிவானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

உங்கள் மாடிக்கு வருவோம். எந்த இடத்தில் உட்கார்ந்தால் மலைக்கோட்டை நன்றாகத் தெரிகிறதோ, அங்கே இரண்டு நாற்காலிக்கு இடம் ஒதுக்குங்கள். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, சாயங்காலம் உட்காரும்படி இருந்தால் நல்லது. அங்கிருந்து மலை வரை உள்ள பார்வையில் உயரமான எதுவும் நிற்கக்கூடாது. கத்தரி, கீரை, மிளகாய் எல்லாம் அந்தத் திசையில் தாழ்வாக இருக்கட்டும், தக்காளி இரண்டு பக்கமும் ஒதுங்கட்டும். புடலைப் பந்தல் இப்போது குறுக்கே நிற்கிறது என்று ஊகிக்கிறேன். அதைப் பிரிக்க வேண்டாம், இரண்டு கால்களுக்கு நடுவில் மலை தெரிகிற மாதிரி திருப்பிப் போடுங்கள். வாசல் நிலையில் படம் மாட்டிய மாதிரி ஆகிவிடும், தலைக்கு மேல் புடலங்காய் தொங்கினால் தொங்கட்டும்.

பாவாவின் ஜாடி மாதிரி பக்கத்தில் ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்டால் ஒரு பழைய குதிர் அல்லது ஊறுகாய் ஜாடி போதும், காலியாகவே வையுங்கள், கவிழ்த்து வைத்தாலும் சரி. மண் நிரப்பாதீர்கள். ஈர மண் ஒரு கன அடிக்கே 45 கிலோவைத் தாண்டும், மாடியில் பெரிய தொட்டி எதை வைப்பதானாலும் தூணுக்கும் பீமுக்கும் மேலே வருகிற மாதிரி சுவரோரம் வைப்பதுதான் பாதுகாப்பு.

கே: பால்கனி 4-க்கு 10 அடி. இதிலெல்லாம் ஃபோக்கல் பாயின்ட் சாத்தியமா?
– வாசகி, சென்னை

ப: சாத்தியம். ஹால் சோபாவிலிருந்து பார்த்தால் பால்கனியின் எந்தக் கோடி தெரிகிறதோ, அந்தக் கோடியில் ஒரே ஒரு பெரிய தொட்டி. வெயில் நன்றாக அடித்தால் அடீனியம், பருத்த அடித்தண்டு மண்ணுக்கு மேல் தெரிகிறபடி உயர்த்தி நட்டது. பூ இல்லாத நாளிலும் அந்தத் தண்டே பார்க்க நன்றாக இருக்கும். தண்ணீரை மட்டும் கட்டுப்படுத்துங்கள். வெயில் இல்லாவிட்டால் பெரிய இலை ஃபிலோடென்ட்ரான் ஒன்று. கம்பியில் இப்போது தொங்குகிற பன்னிரண்டு கலர் பக்கெட்டுகளை (தொங்குகின்றன என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்) ஒரே நிறத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கே: வீட்டுக்குப் பின்னால் 30 அடி நீளம் இடம் காலியாக இருக்கிறது. ஒரே ஒரு மரம் வைத்து அதையே அழகாகக் காட்ட ஆசை. நண்பர் குல்மோகர் வை, சீக்கிரம் வளரும் என்கிறார். நாகலிங்கம் எனக்குப் பிடிக்கும். அந்தப் பக்கம் சமையலறை ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது.
– வாசகர், கோவை

ப: குல்மோகர் சீக்கிரம் வளரும், சீக்கிரம் விழவும் செய்யும். மேலோட்டமான வேர், முறிகிற கிளை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருத் தெருவாகச் சாய்ந்து கிடந்தவற்றில் குல்மோகர் ஏராளம். மைதானத்தில் வையுங்கள், வீட்டுப் பின்னால் வேண்டாம். நாகலிங்கப் பூவின் வாசனைக்கு நானும் அடிமைதான், ஆனால் அது தென்னமெரிக்கக் காட்டு மரம், பீரங்கிக் குண்டு அளவுக்குக் காய் விழும். கோவிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் முக்கியமானது சமையலறை ஜன்னல்தான். அதன் வழியாகத் தினமும் மணிக்கணக்கில் பார்க்கப்போவது யார்? அவரைக் கேட்டீர்களா? கேட்டுவிட்டு, அவர் அடுப்புக்கும் ஸிங்க்குக்கும் நிற்கிற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஜன்னல் கம்பிக்கு நடுவில் எந்தப் புள்ளி விழுகிறதோ அங்கே ஒரு கழியை நடுங்கள். மரம் அங்கே.

எந்த மரம் என்பது எந்த நேரம் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காலை ஆறு மணிக்கு அடுப்படிக்கு வருகிறவர் என்றால் பவளமல்லிக்கே என் ஓட்டு. இரவில் பூத்து விடியும்போது கொட்டும். மரம் சாதாரணமாகத்தான் இருக்கும், சொரசொரப்பு இலை, ஒழுங்கில்லாத வளர்த்தி. ஆனால் காலையில் அதன் அடியில் வெள்ளை விரிப்பும் ஆரஞ்சுக் காம்புகளும் கிடக்கும்போது கண் மேலே போகாது, தரையிலேயே நிற்கும். அதனால் அடித்தரையைப் பெருக்கிச் சமமாக, புல் இல்லாமல் வைத்திருங்கள், முடிந்தால் சாணம் தெளியுங்கள். ஒன்பது மணிக்குள் வாடிவிடும், அது வேறு விஷயம்.

வருஷம் முழுக்க ஏதாவது தெரிய வேண்டும் என்றால் ஈழத்தலரி, நர்சரியில் பிளுமேரியா என்று கேளுங்கள். இலை உதிர்ந்து நிற்கிற மாதங்களில் அந்த மொட்டைக் கிளைகளின் வளைவே ஒரு சிற்பம் மாதிரி இருக்கும், பின்சுவர் வெள்ளையாக இருந்தால் நிழலும் சேர்ந்து இரண்டு மரம். பால் வடியும், கிளையை ஒடிக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கொன்றையும் சொல்லலாம். சித்திரையில் அதற்கு இணையில்லை, மற்ற மாதங்களில் நீங்கள் அதை மறந்துவிடுவீர்கள். எதை வைத்தாலும் வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள்.

கே: பாட்டியின் ஆட்டுக்கல் சும்மா கிடக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டால் அழகாக இருக்கும் என்று மகள் சொல்கிறாள். கொசு வருமே என்று எனக்குப் பயம். நண்பர், கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடச் சொல்கிறார்.
– வாசகர், நாகர்கோவில்

ப: மகள் சொல்வதும் சரி, உங்கள் பயமும் சரி, மீன் யோசனை மட்டும் சரியில்லை. ஆட்டுக்கல் குழியில் கொள்கிற தண்ணீர் மத்தியான வெயிலில் சுடும், பாவம் அந்த மீன். மீன் விடுவதென்றால் பெரிய சிமென்ட் தொட்டியில் அல்லி வைத்து அதில் விடலாம்.

டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில். அந்த முட்டை காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினால் போதாது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரை முழுக்கக் கொட்டி, குழியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டு ஊற்றுங்கள். கல்லில் கொத்துப் போட்ட பள்ளங்கள் இருக்கும், அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். வீட்டை விட்டு ஊருக்குப் போகிற நாட்களில் காலி செய்து குழவியைக் குழிக்குள் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போர்த்திக் கட்டிவிட்டுப் போங்கள்.

வைக்கிற விதம்: பீடமெல்லாம் வேண்டாம். நாலடிக்கு நாலடி மண்ணைத் தட்டிச் சமமாக்கி, ஆற்றுக் கூழாங்கல் பரப்பி, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஆட்டுக்கல்லை இரண்டு அங்குலம் கூழாங்கல்லுக்குள் புதைந்த மாதிரி உட்கார வையுங்கள். குழவியை அதன் மேல் வைக்காமல் பக்கத்தில், யாரோ இப்போதுதான் மாவாட்டி முடித்துவிட்டு எடுத்து வைத்த மாதிரி சாய்த்து வையுங்கள். தூக்குவதற்கு இரண்டு ஆட்கள் வேண்டும், முதுகைப் பிடித்துக்கொண்டு எனக்கு அடுத்த கடிதம் எழுதாதீர்கள். பூ என்றால் இரண்டு செம்பருத்தி போதும். காக்கை வந்து குளித்துவிட்டுப் பூவைத் தூக்கி வெளியே போடும், தினமும்.